மைக் மாசானத்தின் செருமல்

மைக் மாசானத்துக்காக ஆவரங்குளம் பேருந்து நிலையத்தில் நடந்த இரங்கல் கூட்டத்தில் மாசானமேதான் பேசினான்.

மேடையில் நின்றது என்னவோ சிவபெருமாள் அண்ணாச்சிதான். மண்வெட்டிக் கட்சியின் பேரூர்ச் செயலாளர், சட்டையில் கறுப்புத் துணி குத்தி, காய்ந்து கிடந்த கண்ணைக் கைக்குட்டையால் ஒற்றி ஒற்றி எடுத்துக்கொண்டு, மைக்கைப் பிடித்து, "எனதருமைத் தம்பி மாசானத்தின் மறைவால் என் வலது கையே ஒடிந்துவிட்டது" என்றார். வாய் அவர் வாய், அசைந்த உதடும் அவர் உதடு. ஆனால் வேப்பமரத்திலும் நிழற்குடைக் கம்பியிலும் கட்டியிருந்த ஒலிபெருக்கிக் குழாய்களிலிருந்து வந்தது மாசானத்தின் குரல். கருப்பட்டிப் பாகு லேசாக அடிப்பிடித்த மாதிரி ஒரு கரகரப்பு இருக்குமே, அதே குரல்; தேர்தல் வந்தால் ஆட்டோவில் குழாயைக் கட்டிக்கொண்டு சந்துபொந்தெல்லாம் சுற்றி வந்து, தூங்குகிற பிள்ளையை எழுப்பாமல் ஓட்டுக் கேட்கத் தெரிந்த குரல். தன் சாவுக்குத் தானே வருத்தம் தெரிவித்துக்கொண்டிருந்தான் மனுஷன்.

"எவம்லே அங்க கேசட் போட்டது" என்று அண்ணாச்சி திரும்பிச் சீறினார். அதுவும் மாசானத்தின் குரலில்தான் ஊர் முழுக்கக் கேட்டது.

மைக் செட் போட்டிருந்த எட்வின் ஓடிவந்து வயரைப் பிடுங்கிச் செருகினான், மைக்கை மாற்றினான், ஆம்பிளிபயரின் முதுகில் ஓங்கித் தட்டினான். ஒன்றும் நடக்கவில்லை. அடுத்துப் பேச வந்தவர் "வணக்கம்" என்றதோடு வெளிறிப்போய் இறங்கிவிட்டார். சரி, மௌன அஞ்சலியோடு முடித்துக்கொள்ளலாம் என்று எல்லோரும் எழுந்து நின்றார்கள். மௌனத்தை முடிக்க யாராவது மைக்கில் நன்றி சொல்ல வேண்டும் அல்லவா, அதைச் சொல்ல ஒருவருக்கும் துணிச்சல் இல்லை. பஸ்கள் வந்து போக, காக்கைகள் கத்த, ஊரே நின்றது நின்றபடி நின்றது.

எழுந்திருக்காத ஒரே ஆள் தங்கபுஷ்பம், மாசானத்தின் மனைவி. கட்சிக்காரர்கள் காரில் கூட்டிவந்து முன்வரிசையில் உட்கார வைத்திருந்தார்கள். அத்தான் வெட்டுப்பட்ட நாளிலிருந்து அவளுக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. நெஞ்சு கல்லாகிவிட்டது என்று தெருப்பெண்கள் பேசிக்கொண்டார்கள். இப்போது குழாயை அண்ணாந்து பார்த்தபடி விக்கி விக்கி அழுதாள். அழுதுகொண்டே, கொன்றவன் வாயிலிருந்தா இந்தக் குரல் வரவேண்டும் என்று அவளுக்குப் பற்றிக்கொண்டும் வந்தது.

மாசானம் எப்படிச் செத்தான் என்பதைச் சொல்லிவிட வேண்டும். இந்தப் பக்கத்தில் அரசியல் கொலைக்கென்று ஒரு முறை வைத்திருக்கிறார்கள். வெட்டுகிறவன் ஒருவன், உள்ளே போகிறவன் வேறொருவன். கொலை நடந்த மறுநாள், நாலு மாவட்டம் தள்ளி ஏதோ ஒரு கோர்ட்டில், முகத்தில் கர்சீப் கட்டிய மூன்று இளவட்டங்கள் போய் நின்று, நாங்கள்தான் செய்தோம் என்பார்கள். போலீசுக்கு அலைச்சல் மிச்சம், பேப்பருக்குப் படம் கிடைத்தது, கட்சித் தலைவர் வேட்டியில் கறை இல்லை. கல்யாணத்துக்கு மாப்பிள்ளைத் தோழன் நிற்பதை எப்படி யாரும் கேள்வி கேட்பதில்லையோ, அப்படி இதையும் ஊர் கேள்வி கேட்பதில்லை.

போன உள்ளாட்சித் தேர்தல் சமயத்தில் தராசுக் கட்சிக் கவுன்சிலர் ஒருவரை வாய்க்கால் கரையில் வெட்டிப் போட்டார்கள். வழக்கம்போல மூன்று பையன்கள் சரணடைந்தார்கள். மாசானம் அன்றைக்கும் ஆட்டோவில்தான் போய்க்கொண்டிருந்தான், சொந்தக் கட்சியான மண்வெட்டிக்கு ஓட்டுக் கேட்டு. கடைத்தெரு முக்கில் வண்டியை நிறுத்தச் சொன்னான். மைக்கை இரண்டு தட்டுத் தட்டினான், ஒரு செருமல் செருமினான். அவன் எது பேசினாலும் அந்தத் தட்டும் செருமலும் இல்லாமல் ஆரம்பிக்க மாட்டான், ஊரும் அதைக் கேட்டதும் வேலையை நிறுத்திக் காது கொடுக்கும். "வாக்காளப் பெருமக்களே, உங்கள் சின்னம் மண்வெட்டி. இன்னொரு விஷயம். கவுன்சிலர் செத்த நேரத்தில் அந்த மூணு பிள்ளைகளும் என் ஆட்டோவில் நோட்டீஸ் கொடுத்துக்கிட்டு இருந்தாங்க. அவங்க செய்யல. செஞ்சது யார்னு உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். உங்கள் பொன்னான வாக்கு மண்வெட்டிக்கே." சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய், "ஏட்டி புஷ்பம், இன்னைக்கு ஒரு நல்ல காரியம் பண்ணிட்டு வாரேன், சோத்தப் போடு" என்று உட்கார்ந்து நன்றாகச் சாப்பிட்டான்.

அதற்கு அடுத்த சந்தை நாளில், பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் பஸ்ஸுக்கு நிற்கிற சாயங்கால நேரத்தில், பேருந்து நிலையத்தில் வைத்து அவனை வெட்டினார்கள். வெட்டியது சிவபெருமாளின் மச்சினனும் டிரைவரும். வெள்ளைக் காரின் கண்ணாடியை இறக்கிவிட்டு, உள்ளே உட்கார்ந்து முடியும் வரை பார்த்துக்கொண்டிருந்தது சிவபெருமாள் அண்ணாச்சி. பரோட்டாக் கடை ஐகோர்ட்துரை பார்த்தார். பூக்காரி பார்த்தாள், பஸ்ஸின் ஜன்னலோரத்தில் இருந்தவர்கள் பார்த்தார்கள், டைம் கீப்பர் பார்த்தார். மறுநாள் எங்கேயோ ஒரு கோர்ட்டில் மூன்று பேர் கர்சீப்போடு நின்றார்கள். உடனே ஊரில் ஒருவரும் எதையும் பார்த்திருக்கவில்லை என்று ஆகிவிட்டது. குலதெய்வம் ஐகோர்ட் மகாராசாவின் பெயரைச் சுமக்கிற ஐகோர்ட்துரையே கோர்ட்டில் போய், "நான் மாவு பிசஞ்சுக்கிட்டு இருந்தேன் சாமி, தலையத் தூக்கல" என்று சொல்லிவிட்டு வந்தார்.

ஆக, செத்தவன் குரல் மட்டும் ஊரை விட்டுப் போகவில்லை. ஆவரங்குளம் பாலத்துக்கு இந்தப் பக்கம் யார் எந்த மைக்கைப் பிடித்தாலும் வந்தது மாசானத்தின் குரல். பாலம் தாண்டினால் அவரவர் குரல். முதல் வாரம் பயந்தார்கள், இரண்டாம் வாரம் கூடிக் கூடிப் பேசினார்கள், அப்புறம் ஊர் பாட்டுக்கு அதைப் பழக்கிக்கொண்டது, தண்ணீர் கொஞ்சம் உப்பாக வருகிற ஊர் அந்த உப்புக்குப் பழகுவது மாதிரி. பஸ் ஸ்டாண்டில் நாகர்கோவில் வண்டி புறப்படுவதை மாசானம் சொன்னான். ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தை மாசானம் வைத்தான், பாதிரியார் வாயசைக்க. பள்ளிவாசலில் மோதினார் சில நாள் மைக் இல்லாமல் பாங்கு சொல்லிப் பார்த்தார். கடைசித் தெருவுக்கு எட்டவில்லை என்று ஜமாத்தில் பேசி, "அவனும் நல்ல மனுஷந்தானப்பா, அவன் கூப்பிட்டா தொழுகைக்கு வரக்கூடாதுன்னு இருக்கா" என்று முடிவு கட்டினார்கள். கல்யாண வீட்டு ஆர்க்கெஸ்ட்ராவில் பட்டுப் பாவாடை கட்டிய பிள்ளை வாய்திறந்து தாலாட்டுப் பாட, கரகரவென்று மாசானம் தாலாட்டினான். பிள்ளைகள் தூங்கினார்கள். குடிதண்ணீர் வராது என்று பேரூராட்சி வண்டியில் அறிவிப்பு வந்தபோது, மாசானம் சொல்கிறானே, பாவம் அவன் என்ன செய்வான் என்று பெண்கள் குடத்தை எடுத்துக்கொண்டு திட்டாமல் திரும்பினார்கள்.

வெளியூர்த் தலைவர்கள் மட்டும் வரப் பயந்தார்கள். செத்தவன் குரலில் ஓட்டுக் கேட்க எந்தக் கட்சிக்குத்தான் தைரியம் வரும்.

தங்கபுஷ்பம் நடுநிலைப் பள்ளியில் சத்துணவு சமைக்கிறவள். காலையில் கூட்டப்பிரார்த்தனைக்கு மணி அடித்ததும், உலையில் போட்ட அரிசியை விட்டுவிட்டுச் சமையல்கூட வாசலில் வந்து நிற்பாள். தலைமையாசிரியை மைக்கில், "வரிசையாக நில்லுங்கள்" என்பார். அத்தான் குரல் வரும். அவளும் அறியாமல் வரிசையாக நிற்பாள். ஆரம்பத்தில் அது போதுமாக இருந்தது. போகப் போக ஒரு கோபம் வந்து உட்கார்ந்துகொண்டது. ஊர் சொல்கிற அத்தனையையும் சொல்லுகிறானே, அவன் சொல்ல வேண்டிய ஒன்றை எப்போது சொல்வான். குழாயைக் கட்டின தூணடியில் நின்று, "யார் வெட்டுனாங்கன்னு சொல்லுங்களேன் அத்தான்" என்று வாய்விட்டுக் கேட்டிருக்கிறாள். குழாய் சும்மா தொங்கியது. அதற்கு ஒரு வாய் வேண்டும். மைக்கை எடுத்து அவளே தன்னை ‘ஏட்டி புஷ்பம்’ என்று கூப்பிட்டுக்கொண்டால் அவன் கூப்பிட்ட மாதிரி இருக்கும்தான். நானே சொல்லி நானே கேட்டால் நான் பைத்தியக்காரி ஆகிவிடுவேன் என்று அவள் மைக் பக்கமே போனதில்லை.

ஒருநாள் சிவபெருமாள் அண்ணாச்சி அவள் வீட்டுக்கே வந்தார். காரைத் தெருமுனையில் நிறுத்திவிட்டு, நடந்து.

"என்ன தங்கச்சி, சௌக்கியமா இருக்கியா? கேஸ் முடியப்போகுது. மூணு பயலுவளும் உள்ள போயிருவானுவ. உனக்கு வேற என்ன வேணும்?"

"பாத்தவங்கள்ல ஒரே ஒரு ஆள் கோர்ட்ல வாயத் திறந்து, பாத்தத சொல்லணும் அண்ணாச்சி. அது போதும் எனக்கு."

அவர் சிரித்தார். நல்ல சிரிப்பு, பல் எல்லாம் தெரிய. "குரல் குரல்னு ஊரே ஆடுது. நான் ஒண்ணு சொல்லட்டா? அந்தக் குரல் நாம சொல்லுறதத்தானம்மா சொல்லுது. மாசானம் உசிரோட இருக்கையிலயும் நான் சொன்னதத்தான் சொன்னான், ஒரு நாளத் தவிர. இந்த ஊர்ல வாய்க்கெல்லாம் பூட்டு இருக்கு, சாவி எங்கிட்ட இருக்கு. உன் சமையல் வேலையும் என் கையெழுத்துலதான் ஓடுது, மறந்துறாத."

அவர் போன பிறகு அவர் உட்கார்ந்த நாற்காலியை வெளியே தூக்கிப்போட்டுக் கழுவினாள். பயத்தில் கழுவியது பாதி, மீதிப் பாதி அவர் சொன்னது உண்மை என்பதால். குரல் இருக்கிறது, சொல்லத்தான் ஆளில்லை.

அதற்கு வழி காட்டியது, கேட்டால் சிரிப்பீர்கள், பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் குறும்பு. பிரார்த்தனைக்கு முன்னால் யாரோ ஒரு பிள்ளை மைக்கை எடுத்து, "இன்று பள்ளி விடுமுறை" என்று அறிவித்துவிட்டது. அத்தனை பிள்ளைகளும் பையோடு ஓடிவிட்டார்கள். வாத்தியார்கள் விசாரித்து விசாரித்து ஓய்ந்து போனார்கள். யார் சொன்னது? மாசானம் சொன்னான். எந்தப் பிள்ளை என்று எப்படிக் கண்டுபிடிப்பது, எல்லாப் பிள்ளைக்கும் மைக்கில் ஒரே குரல்தானே. யாரும் சாப்பிட வராத சோற்றுப் பானையின் முன்னால் உட்கார்ந்து தங்கபுஷ்பம் வெகுநேரம் யோசித்தாள். பிறகு முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு நேராக எட்வின் கடைக்குப் போனாள்.

"எட்வினு, உங்கிட்ட வயரில்லாத மைக் இருக்குல்லா?"

"இருக்குக்கா. கோயில் கொடைக்கு அதத்தான் எடுத்துட்டுப் போறேன்."

"கொடையில அது தொலஞ்சு போகணும்."

எட்வின் அவள் முகத்தைப் பார்த்தான். மாசானத்திடம் தொழில் பழகியவன். "எம்மாடி, என்னையும் சேத்துக் குழாயில கட்டிருவாங்களேக்கா" என்றான். என்றாலும் தலையை ஆட்டினான்.

முத்தாரம்மன் கோயில் கொடைத் திருவிழாவில் மதியக் கொடைக்குத்தான் கூட்டம் பிதுங்கும். வில்லுப்பாட்டு ஒருபக்கம், மேளம் ஒருபக்கம், பொங்கல் புகை ஒருபக்கம். சிவபெருமாள் அண்ணாச்சி தலையில் பரிவட்டம் கட்டி, சந்நிதிக்கு நேரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மேளம் ஓய்ந்த ஒரு நேரத்தில் குழாயில் இரண்டு தட்டுக் கேட்டது. பழைய பழக்கம், ஊரே பேச்சை நிறுத்தியது. மாசானத்தின் குரல் சொன்னது:

"நான் பாத்தேன். வெள்ளைக் காருல சிவபெருமாள் அண்ணாச்சி இருந்தாவ. கண்ணாடியை இறக்கிட்டுப் பாத்துக்கிட்டு இருந்தாவ."

எட்வின் வெறுங்கையை உயர்த்திக் காட்டினான். மைக் அவனிடம் இல்லை. மைக் சேலை முந்தானைக்குள்ளும் துண்டுக்குள்ளும் பொங்கல் பானை மூடிய வாழையிலைக்குள்ளும் புகுந்து புகுந்து போய்க்கொண்டிருந்தது. சற்றுக் கழித்து, வேறு யாரோ, அதே குரலில்: "நானும் பாத்தேன். பஸ்சுல ஜன்னல் சீட்டுல இருந்தேன். முதல்ல வெட்டுனது அவரு மச்சினன்." மறுபடியும்: "நான் பூ கட்டிக்கிட்டு இருந்தேன். என் பூவுல ரத்தம் தெறிச்சுது. அத வாய்க்கால்ல கொட்டிட்டு வீட்டுக்குப் போயிட்டேன், என்னைய மன்னிச்சிரு ஆத்தா." சிவபெருமாளின் ஆட்கள் கூட்டத்துக்குள் பாய்ந்து தேடினார்கள். யாரைப் பிடிப்பது? எல்லாரும் முந்தானையாலும் துண்டாலும் வாயை மூடியிருந்தார்கள், எல்லாரும் ஒரே குரலில் பேசினார்கள், எங்கே பாய்ந்தாலும் குரல் வேறு இடத்திலிருந்து கிளம்பியது. "நான் மாவு பிசஞ்சுக்கிட்டு இருந்தேன்" என்று குரல் ஆரம்பித்ததும் ஊர் குபீரென்று சிரித்துவிட்டது, அது யாரென்று தெரியாதா. குரல் தடுமாறி, பிறகு சொன்னது: "தலையத் தூக்கித்தான் பிசஞ்சேன். எல்லாம் பாத்தேன்."

சந்நிதி முன்னால் உட்கார்ந்திருந்தவரின் பரிவட்டம் வேர்வையில் நனைந்து நெற்றிக்கு இறங்கியது. அவர் எழுந்து வில்லுப்பாட்டு மேடைக்கு வந்து, தொண்டையால் கத்தினார், மைக் இல்லாமல், சொந்தக் குரலில். "முக்காட்டுக்குள்ள இருந்து எவனும் பேசலாம்லே. பேரச் சொல்லி, முகத்தக் காட்டிச் சொல்ல ஒரு ஆம்பள இருக்கானா இங்க?"

ஆம்பளை யாரும் வரவில்லை. வந்தது சுயம்புக்கனி. இந்தக் கொலைக்குச் சரணடைந்த மூவரில் ராஜசிங் என்பவனின் தாய். மைக் அப்போது அவள் கைக்கு வந்திருந்தது, அதை அடுத்த ஆளிடம் கொடுக்காமல் மேடையேறிவிட்டாள். முக்காட்டை எடுத்தாள்.

"நான் சுயம்புக்கனி. ராஜசிங்குக்கு அம்மா" என்றாள்.

குழாயில் வந்தது சுயம்புக்கனியின் குரல். கீச்சென்ற, ஓயாமல் வெற்றிலை போடுகிற, அவளுடைய சொந்தக் குரல். அத்தனை மாதமும் ஆவரங்குளத்துக் குழாயில் மாசானம் அல்லாத ஒரு குரல் கேட்டது அதுதான் முதல் தடவை. அவளே திடுக்கிட்டுப் போனாள். ஆனால் நிறுத்தவில்லை.

"மாசானத்த வெட்டுன அன்னைக்கு எம்மவன் மேல அம்மை இறங்கிக் கிடந்தா. வாசல்ல வேப்பிலை செருகியிருந்தேன், எங்க தெருவுக்கே தெரியும். வேப்பிலைல படுத்துக் கிடந்த புள்ளைய, தலைக்குத் தண்ணி ஊத்துறதுக்கு முன்னாடியே எழுப்பி, முத்து ஆறாத மூஞ்சில கர்சீப்பக் கட்டி, கார்ல ஏத்திவிட்டேன். கட்சி பாத்துக்கும்னு இந்த மனுஷன் சொன்னாரு. ஆத்தா, உன் முத்தப் போட்டுக்கிட்டுக் கிடந்தவனக் கொலகாரன்னு அனுப்பிட்டேன். எம்மவன் கொல்லல. கொன்னது இந்தா நிக்காரே, இவரு ஆளுக."

பொய்யாகச் சரணடைய ஆள் பிடிக்கிறவர்கள் எல்லாம் பார்ப்பார்கள், ஆளின் குடும்பம், கடன், கட்சி விசுவாசம். வீட்டு வாசலில் வேப்பிலை செருகியிருந்ததா என்று அண்ணாச்சி பார்க்காமல் விட்டார். அம்மை கண்ட வீட்டுப் பிள்ளையை வெளியே அனுப்பினால் அந்தத் தாய் ஆத்தா முகத்தில் விழிக்க முடியாமல் தவிப்பாள் என்பது அவருக்குத் தோன்றவே இல்லை.

மறுநாள் போலீஸ் ஜீப் தெருத்தெருவாக வந்தது. மறு உத்தரவு வரும் வரை ஆவரங்குளத்தில் ஒலிபெருக்கி வைக்கத் தடை என்று இன்ஸ்பெக்டர் ஜீப் மைக்கில் படித்தார். அதையும் மாசானம்தான் சொன்னான். வீடு வீடாகச் சிரித்தார்கள். சிரித்துவிட்டு, அன்று மத்தியானமே ஐகோர்ட்துரை கடை வாசலில் எட்வின் குழாயைக் கட்டினான், கடைக்காரர் தானே ஏணியைப் பிடித்துக்கொண்டார்.

"நான் ஐகோர்ட்துரை" என்றார் மைக்கில். "கோர்ட்ல பொய் சொன்னேன்." அவருடைய சொந்தக் குரல் வந்தது, பரோட்டாக் கல்லில் கரண்டி தட்டுவது போல. கூட்டம் கைதட்டியது. பூக்காரி வந்தாள், டைம் கீப்பர் வந்தார். பார்க்காதவர்கள்கூட வந்தார்கள். "நான் அன்னைக்கு ஊர்ல இல்ல. ஆனா தெரிஞ்சும் பேசாம இருந்தேன்" என்று தலைமையாசிரியை சொன்னதும் அவருக்கும் குரல் திரும்பியது. பெயரைச் சொல்லி, தெரிந்ததைச் சொன்னவர்களுக்கெல்லாம் அவரவர் குரல் கிடைத்தது. மோதினார் தன் குரலில் பாங்கு சொன்னார், பாதிரியார் தன் குரலில் பிரசங்கித்தார்.

எட்வின்தான் அதைச் சமையல்கூட வாசலுக்கு வந்து சொன்னான். "அக்கா, கவனிச்சியளா? ஒவ்வொரு ஆளும் பேசப் பேச அண்ணன் குரல் ஊர்ல கொறஞ்சுக்கிட்டே வருது. இப்படியே போனா…"

அவள் எப்போதோ கவனித்திருந்தாள். அன்று காலைப் பிரார்த்தனைக்கு வாசலில் வந்து நின்றபோது, தலைமையாசிரியையின் மெல்லிய குரல் வந்தது, வரிசையாக நிற்கத் தோன்றவில்லை. இன்னும் குரல் திரும்பாதவர்களை மனதுக்குள் எண்ணிப் பார்த்துக்கொண்டிருந்தாள்; இவர் பேசாமல் இருந்தால் நன்றாக இருக்குமே என்று ஒரு நினைப்பு வந்தது, வந்த நினைப்புக்காகத் தன்னையே வைதாள். மூன்று பிள்ளைகள் செய்யாத கொலைக்கு உள்ளே கிடக்கிறார்கள். அவர்களைப் போல மூன்று பிள்ளைகளுக்காகத்தான் அத்தான் செத்தான்.

"போகட்டும் எட்வினு" என்றாள். அழுகை வந்தது, மறைக்கவில்லை. "எங்க அத்தான் குரல் ஊர் வாயில ஒளிஞ்சு கிடக்குறதுக்கா அவரு செத்தாரு? பேச வேண்டியவன் பேசட்டும். இன்னும் பேசாத ஆளு யாருன்னு பாத்து நீயே மைக்கக் கொண்டு போய்க் குடு."

தங்கபுஷ்பத்தின் தரப்பில் ஒரு வக்கீல் அம்மா மனுப் போட்டு, ஐகோர்ட்துரையை மறுபடியும் கூண்டில் ஏற்றினார். பாலத்துக்கு அப்பால், ஜில்லா கோர்ட்டில். அங்கே குழாயும் இல்லை மாசானமும் இல்லை. முன்பு பொய் சொன்னதற்கு உன்மேலேயே நடவடிக்கை வரும், தெரியுமா என்று எதிர்த்தரப்பு வக்கீல் மிரட்டினார். "தெரியும் சாமி. உள்ள போட்டாலும் அங்க பரோட்டா போடுவேன். நான் பாத்தது பாத்ததுதான்" என்று முழுதையும் சொன்னார். அவர் இறங்க, பூக்காரி ஏறினாள். பஸ் பிடித்து வந்து கோர்ட் வாசலில் நின்ற கூட்டத்தைப் பார்த்துவிட்டு நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். சுயம்புக்கனியின் மகனுக்கும் மற்ற இருவருக்கும் ஜாமீன் கிடைத்தது. சிவபெருமாளையும் அவர் ஆட்களையும் குற்றவாளிகளாகச் சேர்க்க உத்தரவு வந்தது.

அதனால் என்ன. அண்ணாச்சிக்கும் ஜாமீன் கிடைத்தது, கட்சி சட்டமன்றத்துக்கு சீட்டும் கொடுத்தது. கேஸ் நடந்தபடி நடக்கட்டும், மக்கள் மன்றம்தான் பெரிய மன்றம் என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்கள். பேருந்து நிலையத்தில் அதே இடத்தில் மேடை போட்டார்கள். மதுரையிலிருந்து புது மைக் செட், லாரியில். தங்கபுஷ்பத்தை மலையடிவாரத்துப் பள்ளி ஒன்றுக்கு மாற்றியிருந்தார்கள். அவள் அன்றைக்கு லீவு போட்டுவிட்டு வந்தாள். முன்வரிசை நாற்காலியில், போன தடவை உட்கார வைத்த அதே இடத்தில், இப்போது தானாகவே வந்து உட்கார்ந்தாள். பின்னால் ஊர் உட்கார்ந்தது. கட்சிக்காரர்களுக்குக் கூட்டத்தைப் பார்த்து முதலில் மகிழ்ச்சிதான்.

முன்னால் பேசியவர்கள் எல்லாம் வெளியூர். ஊரில் குரல் தெளிந்துவிட்டது என்று கேள்விப்பட்டுத் தைரியமாக வந்தவர்கள், அவரவர் குரலிலேயே பேசினார்கள். பார்த்தீர்களா, பேயுமில்லை பிசாசுமில்லை என்றுகூட ஒருவர் சொன்னார். பிறகு வேட்பாளரைப் பேச அழைத்தார்கள்.

சிவபெருமாள் அண்ணாச்சி எழுந்து வந்தார். மாலையைக் கழற்றிக் கொடுத்தார். கையெடுத்துக் கும்பிட்டார். கூட்டம் திரும்பக் கும்பிடவில்லை, முணுமுணுக்கவும் இல்லை. அவர் மைக் முன்னால் நின்று லேசாகச் செருமினார்.

குழாய்களில் மாசானம் செருமினான்.

ஆவரங்குளத்தில் வாய் திறக்க வேண்டியவர்கள் எல்லாம் திறந்துவிட்டார்கள், இனித் திறக்க வேண்டிய வாய் ஒன்றே ஒன்றுதான் மிச்சம். குரல் அங்கேதான் இருந்தது. பரோட்டாக் கடையில் கரண்டி நின்றது. புறப்பட இருந்த பஸ்ஸின் டிரைவர் என்ஜினை அணைத்தார். மாசானம் செருமினால் ஊர் எப்படிக் காது கொடுக்குமோ அப்படிக் கொடுத்தது. சிவபெருமாள் வாயை இறுக மூடிக்கொண்டார். மேடையில் இருந்தவர்கள் "பேசுங்க அண்ணாச்சி, பேசுங்க" என்று பின்னாலிருந்து கிசுகிசுத்தார்கள். அவர் மைக்கைப் பார்த்தார், அதிலிருந்து ஏதோ எட்டிப் பார்க்கிற மாதிரி ஓரடி விலகினார்.

தங்கபுஷ்பம் எழுந்தாள். அவள் கையில் மைக் இல்லை, அவளுக்கு அது தேவைப்படவும் இல்லை. அந்த அமைதியில் அவள் சொன்னது கடைசித் தெரு வரைக்கும் கேட்டது.

"பேசுங்க அண்ணாச்சி. எங்க அத்தான் குரலக் கேட்டு ரொம்ப நாளாச்சு. இப்ப உங்க ஒருத்தர் கிட்டதான் இருக்கு. நீங்க என்ன பொய்ய வேணாலும் சொல்லுங்க, நான் உக்காந்து கேக்குறேன்."

சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். சேலையைச் சரிசெய்துகொண்டு, கையை மடியில் கட்டிக்கொண்டு, அண்ணாந்து குழாயைப் பார்த்தாள். ஊரும் பார்த்தது. சிவபெருமாள் நின்றுகொண்டிருந்தார்.